ரவுண்ட் ஆஃப் எங்கே சார்?

வாணியம்பாடி டேனரிக்காரர்கள் முடித்த தோலுக்கு சதுர அடியில் கணக்கு சொல்வார்கள். ஐரோப்பாவில் சதுர மீட்டர்தான் பேச்சு. ஒரு சதுர அடி என்பது 0.09290304 சதுர மீட்டர். 'இவ்வளவு வால் எதற்கு, 0.0929 போதும்' என்று ஒருவர் நறுக்கிவிட்டால்? லட்சம் சதுர அடிக்கு மூன்றே கால் சதுர அடி போச்சு. ஒரு சின்ன ஆட்டுத்தோல். போகட்டும், பரவாயில்லை. ஆனால் நறுக்கிய விஷயத்தை பில்லில் எழுத வேண்டாமா?

விஞ்ஞானிகள் புழங்கும் மென்பொருளில் இந்தக் கத்தரி வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. வேகமாக ஓடவேண்டிய கணக்குகளை சி, ஃபோர்ட்ரான் மாதிரி பழைய மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய ஆசாமிகள் பேசுவது பைத்தான். நடுவே ஒரு துபாஷி வேண்டும். அவர் பெயர் பைண்டிங்.

பைத்தான் ஓர் எண்ணைப் பதினைந்து, பதினாறு இலக்கம் வரை ஞாபகம் வைத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் 'சிங்கிள் பிரசிஷன்' ரகமாக இருந்தால், அதற்குத் தாங்குவது சுமார் ஏழு இலக்கம். துபாஷி மிச்சத்தை வழியிலேயே கொட்டிவிடுவார். 1,67,77,217 அனுப்பினால் 1,67,77,216 திரும்பி வரும். 0.1 அனுப்பினால் 0.10000000149011612. எச்சரிக்கை? பெரும்பாலும் மூச்!

0.1ல் அப்படி என்ன தகராறு? கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது பாதி, பாதியில் பாதி, அதில் பாதி. நம் தாத்தாக்களின் அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் அதில் கச்சிதமாக உட்காரும். ரூபாயில் பதினாறில் ஒரு பங்கான அணாவும் உட்காரும். 1957ல் நயா பைசா வந்ததே, அதில் பத்து பைசா உட்காராது. நமக்கு மூன்றில் ஒன்று 0.333... என்று நீள்கிற மாதிரி, அதற்குப் பத்தில் ஒன்று முடியவே முடியாது. எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும்.

இதனால் எனக்கென்ன என்கிறீர்களா? கழிவுநீரில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. பாலாற்றங்கரையில் அது வெறும் எண் அல்ல, குடிநீர். ஒரு கருவி சரியாக 0.1 என்று அளந்து சிங்கிளில் எழுதுகிறது என்று வையுங்கள். பைத்தான் அதைப் படித்துத் தன் 0.1 உடன் ஒப்பிட்டால் 'எல்லை மீறல்' என்று சொல்லும். அளவில் தப்பில்லை, ஆற்றிலும் தப்பில்லை. தப்பு துபாஷியிடம்.

1991 பிப்ரவரி 25. சவூதியின் தஹ்ரானில் அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணிக்கொண்டிருந்தது. அந்தப் பத்தில் ஒன்றை 24 பிட்டோடு வெட்டியிருந்தார்கள். நூறு மணி நேரம் ஓடியதில் சேர்ந்த பிழை சுமார் 0.34 விநாடி. வந்த ஸ்கட் ஏவுகணையை அது கோட்டைவிட்டது. 28 சிப்பாய்கள் செத்தார்கள். அங்கே பைண்டிங் இல்லைதான். ஆனால் வியாதி ஒன்றே.

சிங்கிள் பிரசிஷனுக்கு நியாயம் உண்டு. பாதி இடம் போதும், வேகமும் கிடைக்கும். வெட்டுவதை யாரும் குற்றம் சொல்லவில்லை. சொல்லாமல் வெட்டுவதுதான் குற்றம். பி.காம். முதலாண்டுப் பையனுக்குத் தெரிந்த நாகரிகம் இது. மளிகைக் கடை பில்லில்கூட நாற்பது பைசா தள்ளினால் 'ரவுண்ட் ஆஃப்' என்று தனி வரி போடுகிறார்கள். ராக்கெட்டுக்கும் ஆற்றுக்கும் கணக்குப் போடுகிறவர்கள் அந்த ஒரு வரியைப் போடக்கூடாதா?