யாரைப் பற்றிய பாட்டு இது?

அமெரிக்கப் பாடகி அனி டிஃப்ராங்கோவின் 'டைலேட்' ஆல்பம் 1996 மே மாதம் வெளிவந்தது. பதினொரு பாட்டுகள். அவருடைய ரசிகைகளில் ஒரு பகுதியினருக்கு அதைக் கேட்டதும் எழுந்த முதல் கேள்வி இசை பற்றியதல்ல, 'இது யாரைப் பற்றி?' என்பதுதான். விடை தெரிந்ததும் கோபம் வந்தது. ஓர் ஆணின் மீது வைத்த காதலும் அதில் பட்ட காயமும்தான் ஆல்பத்தின் பெரும்பகுதி. ஆண், பெண் இருபாலரையும் நேசிப்பவள் என்பதை அவர் ஒளித்ததே இல்லை. ஆனாலும் பெண்களை நேசிக்கும் பெண்கள் பலர் அவரைத் தங்களுடைய பாடகியாகவே வரித்திருந்தார்கள். அவர்களுக்கு இது கட்சி மாறியதுபோல் பட்டது. 1998இல் தன் ஒலிப்பொறியாளரையே அவர் மணந்துகொண்டபோது முணுமுணுப்பு இன்னும் கூடியது.

இந்தக் கோபத்தை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்கமாட்டேன். அவரை வளர்த்ததே 'எங்கள் பாடகி' என்ற அந்த உரிமையுணர்வுதான். நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் 1970இல் பிறந்தவர் அனி. இருபது வயதுவாக்கில் கடன் வாங்கி முதல் ஆல்பத்தை 500 கேசட்டுகளாகப் போட்டு, கச்சேரிக்குக் கச்சேரி தானே விற்றார். 'ரைட்டியஸ் பேப்' என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். பெரிய கம்பெனிகள் கூப்பிட்டபோது போகவில்லை. வானொலியின் தயவும் பெரிதாக இல்லை. பிறகு யார் விற்றார்கள்? கேட்டவர்கள்தான். ஒருத்தி இன்னொருத்திக்குப் பதிவுசெய்து கொடுத்தாள். அந்த முதல் ஆல்பத்திலேயே கருக்கலைப்பு பற்றி ஒரு பாட்டு உண்டு. வீட்டில் பேச முடியாததை ஒரு பெண் கிட்டாரோடு நின்று பாடும்போது, கேட்பவள் அதைக் கலை என்றா எடுத்துக்கொள்வாள்? 'என் கதை' என்றுதான் எடுத்துக்கொள்வாள். 1998இல் 'லிட்டில் பிளாஸ்டிக் காஸில்' பில்போர்டு பட்டியலில் 22ஆம் இடத்தில் நுழைந்ததற்கு விளம்பரப் பலகைகளைவிட இந்த 'என் கதை'தான் காரணம்.

அவரும் இதற்கு இடம்கொடுத்தவர்தான். எழுதுவது எப்போதும் 'நான்'. மேடையில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தோழியிடம் பேசுவதுபோல் பேசுவார். 1997இல் வந்த 'லிவிங் இன் கிளிப்' என்ற கச்சேரிப் பதிவில் அந்தப் பேச்சும் சிரிப்பும்கூட இருக்கின்றன. வாசல் கதவைத் திறந்து வைத்தவர், உள்ளே வந்தவர்கள் அடுக்களை வரைக்கும் போகிறார்களே என்று வருத்தப்பட்டால் முழுவதும் நியாயம் என்று சொல்ல முடியாது.

ஆனால் இந்தக் கேட்கும் முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பாட்டு வாக்குமூலமாகிவிட்டால் காது வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. நம் அகப்பாட்டு மரபு இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சூட்டக்கூடாது என்று விதித்துவிட்டது. கூற்று யாருடையது என்று தெரியும். ஊரில் எந்த வீடு என்று தெரியாது. கேட்பவர் சொல்லையும் உணர்ச்சியையும் கவனிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அனியின் ரசிகைகளுக்கு வீட்டு விலாசம் தெரிந்துவிட்டது, அதுதான் வம்பு.

'டைலேட்'டில் காது கவனித்திருக்க வேண்டியவை நிறைய. அனி கிட்டார் வாசிக்கும் விதமே தனி. வலக்கை விரல்களில் ஒட்டு நகம் வைத்து, அது பிய்ந்து வராமலிருக்க இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொள்வார். அந்த நகம் தந்தியை மீட்டுவதில்லை, அறைகிறது. அதனால் கிட்டாரிலேயே பாதித் தாளம் வந்துவிடும். இந்த ஆல்பத்தில் அதற்கு மேல் எலெக்ட்ரிக் கிட்டாரின் கரகரப்பையும் பல வாத்தியங்களையும் தானே வாசித்துச் சேர்த்தார். டிரம்ஸ் வாசித்தவர் ஆண்டி ஸ்டோசான்ஸ்கி. முதல் பாட்டு 'அன்டச்சபிள் ஃபேஸ்'. அச்சில் போட முடியாத ஒரு வசவை, குழந்தையைத் தூங்கவைக்கும் குரலில் பாடுகிறார். கோபம் அடங்கிப்போய் வெறும் அலுப்பு மிஞ்சிய இடம் அது. அந்த வசவு ஆணுக்கா பெண்ணுக்கா என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர்களுக்கு, வசவும் மெட்டும் எதிரெதிராக இழுப்பது கேட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

'அரசியலை விட்டுவிட்டு ஆம்பளையைப் பற்றிப் பாடுகிறாள்' என்ற குறையும் அரைகுறைதான். ஆல்பத்தின் நடுவிலேயே 'நெப்போலியன்' இருக்கிறது. பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்ட ஒரு பாட்டுக்கார நண்பரை நக்கலும் வருத்தமுமாகக் கேள்வி கேட்கும் பாட்டு. சொந்தமாகக் கடை நடத்துகிறவளின் அரசியல் அது.

பாராட்டியவர்களும் செவிடாகத்தான் இருந்தார்கள், வேறு விதத்தில். தொண்ணூறுகளின் பிற்பாதியில் பத்திரிகைகளுக்கு அவர் ஒரு வியாபார அதிசயம். பெண்ணியப் பத்திரிகையான 'மிஸ்'கூட அவரைக் கொண்டாடும்போது ஓர் ஆல்பத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதை எடுத்துப் போட்டது. 1997இல் அவர் அந்தப் பத்திரிகைக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பாட்டை விட்டுவிட்டுப் பணத்தை எண்ணுகிறீர்களே என்பதுதான் அதன் சாரம்.

இதே உரிமையுணர்வு முழுக்கச் சரியாக வேலைசெய்த ஒரு சமயமும் உண்டு. 2013 டிசம்பரில், அடுத்த ஆண்டு பாட்டு எழுதுபவர்களுக்காக அவர் நடத்தவிருந்த முகாமுக்கு இடம் அறிவிக்கப்பட்டது. லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாட்டோவே மாளிகை. கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்துக் கரும்பு விளைவித்த தோட்டத்தின் பெரிய வீடு, பிறகு சொகுசு விடுதி. கறுப்பினப் பெண்கள் உள்ளிட்ட ரசிகர்கள் கொதித்தார்கள். அனி முகாமை ரத்துசெய்தார். ஆனால் அதை அறிவித்த நீண்ட அறிக்கையில் தன் பக்க நியாயம்தான் தூக்கலாக இருந்தது. எதிர்ப்பு அதிகமான பிறகுதான், 2014 ஜனவரி தொடக்கத்தில், சுருக்கமாக ஒரு மன்னிப்பு வந்தது. இன்னொரு சங்கதி: 'டைலேட்'டில் 'அமேசிங் கிரேஸ்' என்ற பழைய கீர்த்தனையை ஏழு நிமிடம் போல நீட்டிப் பாடியிருக்கிறார். அதை எழுதிய ஜான் நியூட்டன் முன்னாளில் அடிமைக் கப்பலின் தலைவர். அந்தக் கீர்த்தனையைப் பாடியவருக்கு அந்த வீட்டின் சரித்திரத்தை ரசிகர்கள் நினைவூட்ட வேண்டியிருந்தது.

யாரைக் காதலிக்கிறாள் என்று கேட்டவர்களும் எங்கே முகாம் போடுகிறாள் என்று கேட்டவர்களும் ஒரே உரிமையில்தான் கேட்டார்கள். முதல் கேள்வி வம்பு, இரண்டாவது கணக்குக் கேட்பது. நீதி பேசி டிக்கெட் விற்பவரிடம் கணக்குக் கேட்கலாம். படுக்கையறைக்குக் கணக்கு கிடையாது.

சரி, ஆல்பம் எப்படி? இன்று கேட்டால் சில இடங்களில் டிரம்ஸின் சுழற்சி பழசாகித்தான் ஒலிக்கிறது. 'அமேசிங் கிரேஸ்' பாதியிலேயே முடிந்திருக்கலாம். பின்பாதியில் ஒரே புண்ணைத் திரும்பத் திரும்பச் சொறிவதும் உண்டு. இவையெல்லாம் அப்போதே சொல்லியிருக்க வேண்டிய குறைகள். புதிதாகக் கேட்கிறவர்கள் கடைசிப் பாட்டான 'ஜாய்ஃபுல் கேர்ள்'ளிலிருந்து தொடங்குங்கள். இந்த வேலையை ஏன் செய்கிறேன் என்று ஒரு பெண் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற பாட்டு அது. பிறகு முதல் பாட்டுக்குப் போகலாம்.