பெட்டியடியும் புயலும்: ப. சிங்காரத்தின் இரு நாவல்கள்

கடல் கடந்து பொருளீட்டச் சென்ற தமிழரைப் பற்றி நம்மிடையே பெருமிதப் பேச்சு மிகுதி. அவர்தம் வாழ்வை உள்ளவாறு உரைக்கும் நூல்களோ குறைவு. அச்சிலவற்றுள் தலைநின்றவை ப. சிங்காரம் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஆகிய இரண்டும். சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த அவர், இளமையிலேயே இந்தோனேசியாவின் மெடான் நகருக்குக் கப்பலேறியவர். போருக்குப் பின் தாயகம் திரும்பி மதுரையில் நாளிதழ்ப் பணி புரிந்தவர். கேட்டறிந்து எழுதியவர் அல்லர்.

இரண்டாம் உலகப் போரும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இடம்பெறுவதால், இவற்றைப் போர் நாவல்கள் என்றே பலரும் போற்றுகின்றனர். எனக்கு அவ்வளவில் உடன்பாடில்லை. துப்பாக்கி ஓசையைவிட, வட்டிக்கடையில் பெட்டியடியின் முன் குனிந்து பேரேடு எழுதும் இளைஞனின் மௌனமே என் நெஞ்சில் நெடுநேரம் நிற்கிறது.

‘கடலுக்கு அப்பால்’ செல்லையாவை எண்ணிப் பாருங்கள். ராணுவத்தில் சேர்ந்து மீண்ட அவனுக்குத் தம் மகள் மரகதத்தைத் தர மறுக்கிறார் முதலாளி வானாயீனா. துப்பாக்கி பிடித்த கை வட்டித் தொழிலுக்கு இனி ஆகாது என்பது அவர் கணக்கு. அவர் கொடியவர் அல்லர். அயல்மண்ணில் கட்டிக் காத்த தொழிலை யாரிடம் ஒப்படைப்பது என்று தவிக்கும் தந்தை. பிழைக்கப் போன இடத்தில் உறவும் பேரேட்டின் ஒரு பற்றுவரவாகிவிடுவதை ஆசிரியர் குரலுயர்த்தாமலே காட்டிவிடுகிறார்.

‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியனோ, உடலால் மெடானில் இருந்துகொண்டே சின்னமங்கலத்துச் சந்தையிலும் மதுரை வீதிகளிலும் உலவுகிறான். இந்நினைவுப் பக்கங்கள் மிக நீளம் என்பாரும் உளர். வெளியூரில் ஒரு பொங்கலேனும் தனியே கழித்தவர் அவ்வாறு கூறார்.

ஆயினும் ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். கொண்டுவிற்கப் போன கணவரை எதிர்நோக்கி ஆண்டுக்கணக்கில் ஊரிலேயே காத்திருந்த பெண்களின் குரல் இந்நூல்களில் மிக மெலிந்தே கேட்கிறது. கடை ஆட்களின் ஏக்கத்தை இத்துணை நுணுகி அறிந்த ஆசிரியர், மறுகரையில் நின்றவரைத் தொலைவிலிருந்தே பார்த்துவிட்டார். தாயகம் திரும்ப எண்ணிய பாண்டியன் இறுதியில் அயல்மண்ணிலேயே குண்டுபட்டுச் சாய்கிறான். அச்செய்தி சின்னமங்கலத்திற்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தது, அங்கே யார் அழுதார் என்பதற்கு நாவலில் ஒரு பக்கமும் இல்லை.