இஸ்தானாவும் அதனை எழுப்பிய கைகளும்

ஒரு மாளிகையைப் பற்றி எழுதுவோர் அதைக் கட்டுவித்தவரைக் கூறுவர்; வரைந்தவரைப் போற்றுவர்; கல்லும் மண்ணும் சுமந்தவரைக் கூறுவது அரிது. சிங்கப்பூர் இஸ்தானாவைப் பற்றிய நம் பேச்சிலும் இக்குறை உண்டு.

பிரின்செப் என்பாரின் சாதிக்காய்த் தோட்டமாக இருந்த நிலத்தை வாங்கி, கவர்னர் சர் ஹாரி ஆர்டு 1867இல் இம்மாளிகைப் பணியைத் தொடங்குவித்தார். 1869இல் அது முற்றுப்பெற்றது. வரைந்தவர் மெக்நேர். தூண் வரிசைகள் இத்தாலியக் கலைஞர் பல்லாடியோவின் மரபில் வந்தவை. அகன்ற தாழ்வாரமும் தடையற்ற காற்றோட்டமும் மலாய் வீட்டின் அறிவில் பிறந்தவை. மத்தியதரைக் கடல் நாட்டு வடிவம் இவ்வூர் வெயிலுக்கும் மழைக்கும் இணங்கி நிற்பதே இதன் அழகு. 1996 முதல் 1998 வரை புதுப்பிக்கப்பெற்ற மாளிகை, ஏறத்தாழ நூறு ஏக்கர்ப் பூங்காவின் நடுவே இன்றும் பொலிகிறது.

இவ்வளவோடு நின்றால் திறனாய்வு பாதியே. இதனைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் இங்கு வந்த அவர்கள், 1873இல் அச்சிறை மூடப்படும்வரை சாலை போட்டனர், சதுப்பைத் தூர்த்தனர், சிராங்கூன் சாலைப் பகுதியில் செங்கல் அறுத்துச் சுட்டனர். புனித அந்திரேயர் தேவாலயத்தின் சுவரில் அவர்கள் பூசிய சாந்து, சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் வெல்லமும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் கலந்தது. 'சென்னைச் சுண்ணம்' என்பதே அதன் பெயர். இது வெறும் உடலுழைப்பன்று; தொழிலறிவு.

ஆங்கிலேயர் இதை மறைத்தார் எனப் பழி கூறவும் இயலாது. கைதிகளுக்குப் பொறுப்பாளராகவும் இருந்த மெக்நேரே 1899இல் வெளிவந்த தம் நூலில் அவர்தம் திறத்தை விரித்துரைத்துள்ளார். பின், நாம் ஏன் வாய் திறப்பதில்லை? 'கைதி' என்னும் சொல்லுக்கு நாணுகிறோம். வணிகரையும் கல்விமான்களையும் முன்னோர் எனக் கொள்ளும் நமக்கு, விலங்கு பூண்டவரை அவ்வரிசையில் வைக்க மனம் வருவதில்லை.

அவர்கள் யாவரும் தமிழரே எனக் கொண்டாடுவதும் தகாது. வங்கத்தாரும் பம்பாயாரும் அவருள் இருந்தனர். உண்மையை மிகுத்துரைப்பதும் மறைப்பதும் ஒரே குற்றத்தின் இருபுறங்கள்.

தீபாவளி போன்ற விழா நாள்களில் இஸ்தானாவின் வாயில் பொதுமக்களுக்குத் திறக்கிறது. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், தூணின் வகையைக் கற்பிக்கட்டும். அத்தூணை நிறுத்தியவர் யார் என்பதையும் உடன் கற்பிக்கட்டும். சுவரைப் புதுப்பிப்பது அரசின் கடமை. நினைவைப் புதுப்பிப்பது நம் கடமை.