மலைக் கதைகளும் வர்த்தக சாதனங்களும்

போடிமெட்டைத் தாண்டியதும் சூரியநெல்லி, சின்னக்கானல் என ஏலமும் தேயிலையுமாக விரிகிற இடுக்கி மலைச்சரிவிலே, லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்த் தொழிலாளரின் வாழ்க்கை, சினிமாவும் தொலைக்காட்சியுமாகிய லாப நோக்குள்ள சாதனங்களின் வழியாகவே வெளியுலகில் பெரும்பாலோரை எட்டியிருக்கிறது. ஆதலால், கதை தன்னைச் சுமந்து செல்லும் வியாபாரத்தை மீறி நிற்க வல்லதா என்னும் விஷயத்தை இந்த மலையை முன்வைத்து ஆராய்வது பொருத்தமே.

சிற்றேடுகளில்தான் இலக்கியம் பிழைக்கும் என்பது நம் விமரிசகர் பலரின் திடமான அபிப்பிராயம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து அவலத்தைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யாக எழுதியபோது இடமளித்தது 'மணிக்கொடி'தான் என்பது அவர்களுக்குச் சாதகமான சான்று. ஆயினும், 1966-ல் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 'ஆனந்த விகட'னில் வெளியாகி, கெட்டுப்போனவள் என்று உலகம் தூற்றக்கூடிய மகளைத் தாய் தலையில் நீரூற்றிச் சுத்தமாக்கிவிடுகிற அந்த முடிவை வீட்டுக்கு வீடு சர்ச்சையாக்கியதே, அது எந்தச் சிற்றேட்டாலும் ஆகியிராது.

மலைக்கு வருவோம். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வெளியான நாவல், இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் 'எரியும் பனிக்காடு' ஆயிற்று. அதைத் தழுவி 2013-ல் பாலா 'பரதேசி' எடுத்தார். கங்காணியின் முன்பண வலையும், எத்தனை வருஷம் உழைத்தாலும் தீராத பற்றுக் கணக்கும், லயங்களை வாரிக்கொண்டு போன கொள்ளைநோயும் படத்தில் நெஞ்சை அறுக்கின்றன. ஆனால் நாவலில் தொழிலாளரின் நலனுக்காகப் பாடுபடும் டாக்டர் ஆபிரகாமின் ஸ்தானத்தில், படத்திலே மதம் பரப்ப ஆடிப் பாடும் மருத்துவர் வந்து நிற்கிறார். நீளத்தைக் குறைக்கலாம், பாத்திரங்களின் பெயரை மாற்றலாம். துன்பத்துக்கும் அதன் நிவாரணத்துக்கும் ஆசிரியர் கண்ட காரணத்தையே மாற்றுவது கதைக்குச் செய்யும் துரோகம் என்பேன்.

இதற்கு நேர்மாறாக, பிரபல நடிகரான விஜய் சேதுபதியின் தயாரிப்பில், இளையராஜாவின் இசையோடு 2018-ல் வந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' காரணத்தை ஓரிடத்திலும் கைவிடவில்லை. ஏலக்காய் மூட்டையை முதுகில் சுமந்து செங்குத்தான தடத்தில் இறங்குகிற ரெங்கசாமி, காணி நிலத்துக்காகக் காசு சேர்க்கிறான், நிலம் கிடைக்கிறது, விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடனில் அதே நிலம் கைமாறுகிறது, கடைசியில், தனக்குச் சொந்தமாயிருந்த மண்ணிலே சுழலும் காற்றாலைக்கு அவன் சீருடை அணிந்த காவலாளி. வில்லனை அடித்து வீழ்த்தும் காட்சியில்லை, ஏனெனில் ரெங்கசாமியை வீழ்த்தியது எந்தத் தனிமனிதனும் அல்லன்.

தொலைக்காட்சியின் கதை வேறு. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் யானையைச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு வனத்துக்குக் கொண்டுசென்றபோது, செய்தி அலைவரிசைகள் இடைவிடாது நேரலை காட்டின. நிலமற்ற ஆதிவாசிகளுக்கென்று அரசு அமைத்த '301 காலனி' என்னும் குடியிருப்பு, யானைகள் நடமாடும் இடத்திலேயே அமைந்தது என்ற, மனித-யானை மோதலின் மூலகாரணம் அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போயிற்று.

அந்தக் காலனியின் கதையை எழுத முன்வருகிற இளைஞர்கள், அதிகம் விற்கிற பத்திரிகை கேட்டாலும் தயங்காமல் கொடுங்கள்; யார் வற்புறுத்தினாலும் காரணத்தை மட்டும் வெட்ட ஒப்பாதீர்கள்.