லயத்துக்கு வந்த கைத்தொலைபேசி

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், லயம் எனும் வரிசை வீடுகளில் வாழும் பல குடும்பங்களுக்குச் சொந்த முகவரி கிடையாது. கடிதத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான் இருக்கும். அது தோட்டத்து ஆபீசுக்குப் போய், யார் கையிலாவது லயத்துக்கு வரவேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்தபின் கிடைத்த கதைகள் மலையகத்தில் ஏராளம். கைத்தொலைபேசியின் நன்மையை நான் இங்கிருந்துதான் அளக்கிறேன். தோட்டத் துரையின் ஆபீசைத் தொடாமல், உரியவரின் கைக்கே செய்தி வருகிறது.

நேரில் பேசுவதே மேல் என்பவர்கள் லயத்தின் அமைப்பை மறந்துவிடுகிறார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்னக் காம்பராக்களில் ஒரு வீட்டுச் சண்டை லயம் முழுக்கக் கேட்கும். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோயில் கூட்டத்திலும் தோட்டக் கமிட்டியிலும் பேசுவதோ பெரும்பாலும் ஆண்கள். அங்கே வாய் திறக்காத பெண், வாட்ஸ்அப் குரல்பதிவில் தன் குறையை முழுதாகச் சொல்லிவிடுகிறாள். எழுதப் படிக்கத் தெரியாதது அவளுக்குத் தடையே இல்லை. மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன தாய்மாருக்கு வீடியோ அழைப்பு தருவதை நேர்ப்பேச்சோடு ஒப்பிடுவதே நியாயமல்ல; அது இல்லாவிட்டால் பிள்ளையின் முகமே அவர்களுக்குக் கிடைக்காது. ஆனாலும், காய்ச்சல் கண்ட பிள்ளையை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது அம்மாயிதான்.

பலர் சேர்ந்து ஒன்றைக் கேட்டு வாங்கவேண்டிய இடத்தில்தான் கைத்தொலைபேசியின் குறை தெரிகிறது. 2018 அக்டோபர் 24 அன்று, கொழும்பில் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். தோட்டத்தில் உழைக்கும் பெற்றோருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்பது கோரிக்கை. பேஸ்புக் வழியாகப் பரவிய அழைப்பு அது; கட்சித் தலைவர்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. கடைகளிலும் கட்டடங்களிலும் சிதறிக் கிடந்தவர்களை வீடு வீடாகப் போய் ஒருவராலும் கூட்டியிருக்க முடியாது.

2019 ஜனவரியில் தொழிற்சங்கங்களுக்கும் தோட்டக் கம்பனிகளுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது அடிப்படைச் சம்பளம் 500 ரூபாயிலிருந்து 700 ஆனது. 1,000 கிடைக்கவில்லை. திடலில் நின்றவர்கள் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு அல்ல. கொழுந்து பறிப்பதை நிறுத்தும் பலமும் அவர்களிடம் இல்லை. அந்தப் பலம் மலையில் நிற்பவர்களுக்கு உரியது. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் நாளைக் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகமாட்டார் என்ற நம்பிக்கை வேண்டும். ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்பவர்கள், சம்பளம் இல்லாத வாரத்தில் அரிசி கொடுத்து வாங்குபவர்கள், முகம் பார்த்துப் பேசி வளர்த்த நம்பிக்கை அது. திரையில் விருப்பம் தெரிவிப்பவர் மறுநாள் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை.

மலையிலும் 2018 டிசம்பரில் வேலைநிறுத்தம் நடந்தது. அதுவும் 1,000 ரூபாயை வாங்கித் தரவில்லை. ஆகவே நேரில் கூடுவது மட்டும் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். இளைஞர்களின் வேகமும் பெற்றோரின் பிடியும் தனித்தனியே நின்றன என்பதே என் வருத்தம். 1,000 ரூபாய் 2021இல்தான், அதுவும் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது.

திரையை மட்டும் நம்புவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கண்டிக் கலவரத்தின்போது, 2018 மார்ச்சில், பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் உள்ளிட்டவற்றை அரசாங்கம் முடக்கியது. வெறுப்புப் பேச்சு பரவியது உண்மை. ஆனால் கலவரத்தோடு சம்பந்தமே இல்லாத தோட்டத்துக் குடும்பங்களின் பேச்சும் அதே உத்தரவில் நின்றது. கொரோனாக் காலத்தில் இணையவழி வகுப்புக்காகச் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளையும், ஒரே போனை மாறி மாறிப் பிடித்த அண்ணன் தங்கைகளையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கவேண்டும்.

இனி ஒரு சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போது, தொழிற்சங்கங்கள் நிபந்தனைகளைக் குரல்பதிவாக ஒவ்வொரு கொழுந்துப் பெண்ணின் போனுக்கும் முன்கூட்டியே அனுப்பட்டும். கேட்டு, வீட்டில் பேசி, கொழும்பிலுள்ள மகனிடம் விசாரித்துவிட்டு அவர்கள் கூட்டத்துக்கு வரட்டும். சரியா தவறா என்று கை தூக்குவது மட்டும் எல்லோரும் எல்லோரையும் பார்க்கும்படி, தோட்டத்திலேயே நடக்கட்டும்.