ஆட்டத்துக்குள் குடியேறிய சாபம்

2017 ஆகஸ்ட் இறுதியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவர் இறந்தார். 'புளூ வேல்' என்ற இணைய விளையாட்டுதான் அவரைப் பலி வாங்கியது என்று ஊரெல்லாம் பேச்சு. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமாகவே முன்வந்து வழக்கை விசாரித்தது. அடுத்த ஜனவரியில், விசாரித்த எந்த மரணத்திலும் அந்த விளையாட்டுக்குப் பங்கிருப்பதாக உறுதிப்படவில்லை என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. பயம் மட்டும் வீடு வீடாகப் போய்விட்டது. அந்தப் பயத்தைப் பரப்பியவர் யார், எதற்காகப் பரப்பினார் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

அதே 2017இன் செப்டம்பரில்தான் டான் சால்வட்டோவின் 'டோகி டோகி லிட்ரேச்சர் கிளப்' வெளியானது. அது ஒரு விஷுவல் நாவல்: திரையில் ஓர் ஓவியம், அடியில் உரையாடல், இடையிடையே நாம் எடுக்க வேண்டிய முடிவுகள். ஜப்பானில் 1992இன் 'ஒட்டோகிரிசோ' தொடங்கி, 'ஹிகுராஷி' என்று திகில் இந்த வடிவத்தில் நன்றாகவே வேரூன்றியிருந்தது. சால்வட்டோ ஒரு படி மேலே போனார். பள்ளி இலக்கிய மன்றத்துப் பெண்களில் ஒருத்தியான மோனிகா, மற்றவர்களின் கோப்புகளை அழிக்கிறாள். அவளிடமிருந்து மீள வேண்டுமானால், நாம் ஆட்டத்துக்கு வெளியே வந்து, நம் கணினியின் கோப்புறையைத் திறந்து, அவளுடைய கோப்பை நம் கையாலேயே நீக்க வேண்டும். அதுவரை படித்துக்கொண்டிருந்தவர் அந்த நொடியில் கதைக்குள் குற்றவாளி ஆகிறார். சினிமாவால் இதைச் செய்யவே முடியாது.

தமிழில் சாபம் முதலில் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் புகுந்தது. 2009இல் வந்த 'யாவரும் நலம்' படத்தில். 2015இல் 'மாயா' அதைத் திரையரங்குக்குள் கொண்டுவந்தது. 'மாயா'வை இயக்கிய அஸ்வின் சரவணன் 2019இல் எடுத்த 'கேம் ஓவர்'தான் வீடியோ கேமைத் தொட்ட முக்கியமான தமிழ்ப் படம். கதாநாயகி ஸ்வப்னா விளையாட்டு வடிவமைப்பாளர். வீட்டில் பேக்மேன் ஆடுபவள். கொலையுண்ட ஒரு பெண்ணின் அஸ்தி கலந்த மையால் அவள் கையில் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. கடைசியில் ஒரே இரவை மூன்று உயிர்களோடு ஆடுகிறாள். தோற்று எழும்போதெல்லாம் முந்தைய தோல்வி அவளுக்கு நினைவிருக்கிறது. படம் நிற்பது இதனால்தான். அங்கே சாபம் அநியாயமாக இறந்த ஒருத்திக்குச் சொந்தமானது.

இந்த இடத்தில் வடசென்னையைச் சேர்க்காமல் விட எனக்கு மனமில்லை. பேயே இல்லாத இரண்டு படங்கள் இங்கே சாபக்கதையின் இலக்கணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. 'மெட்ராஸ்' (2014) படத்தில் வியாசர்பாடியின் ஒரு சுவர் நெருங்கியவர்களைக் காவு கேட்கிறது. 'வடசென்னை' (2018) படத்தில் கேரம் பலகை. சிறைக்குள் போட்டி நடக்கும்போதே கதாநாயகன் அன்பு, தாதா செந்திலைக் குத்துகிறான். ஆட்டத்தில் அவனுக்கு இருக்கும் திறமையே அவனை அங்கே கொண்டு நிறுத்துகிறது. இரண்டு படங்களிலும் சாபத்தை ஏவியது யாரென்று தெரியும். அதிகாரத்துக்கு ஆசைப்படும் மனிதர்கள்.

திரையில் வந்ததைவிட வராதது அதிகம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, வடசென்னையின் எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். யாரை முதலில் எழுப்புவது, பாட்டியை யார் தூக்குவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? விஷுவல் நாவல் கேட்கும் கேள்விகள் இவையேதான். கண்ணுக்குத் தெரியாத வாயுவைக் காட்டக் கேமராவுக்கு வழியில்லை, எழுத்துக்கு உண்டு. சபிக்கப்பட்ட விளையாட்டு என்று ஒன்றை இங்கே எழுதினால், ஒவ்வொரு முறை தோற்றுத் திரும்பும்போதும் ஆடுபவர் அந்தக் குழாயின் சொந்தக்காரரை நோக்கி ஓரடி நகர வேண்டும்.

கருவிக்குக் குறைவில்லை. விஷுவல் நாவல் உருவாக்க 2004இலிருந்து கிடைக்கும் ரென்பை என்ற மென்பொருள் இலவசம். எழுதத் தெரிந்த ஒருவரும் வரையத் தெரிந்த ஒருவரும் போதும். டொராண்டோவில் உருவான 'வெண்பா' ஒரு தமிழ்ச் சமையலறையை விளையாட்டாக்கி, 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதை வாங்கியது. எண்ணூரின் அந்த இரவை, அதில் ஓடியவர்களின் பேச்சு மொழியிலேயே, திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ இருக்கும் ஒருவர் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.