கோல்டு காபிக்கு எந்த ஐஸ்?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்த பிறகு ஷிப்ட் நேரங்களில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கும் பகுதி. இதுபோன்ற தொழிற்பேட்டைச் சாலைகளில் ஜூஸ் கடைகள்தான் கோல்டு காபியையும் போடுகின்றன. கோணிக்குள் இருக்கும் பார் ஐஸைக் கட்டையால் தட்டி நொறுக்கி, ஒரு கை அள்ளி டம்ளரில் போடுவார்கள். காபி ரசிகர்கள் இந்த வழக்கத்தைத்தான் முதலில் குறை சொல்வார்கள்: தூள் ஐஸ் சீக்கிரம் கரைந்து காபியைத் தண்ணீராக்கிவிடும், பெரிய சதுரக் கட்டிதான் சரி என்பார்கள்.

இதில் பாதிதான் உண்மை. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். 80 பாகைச் சூட்டில் இருக்கும் 100 மில்லி காபியை 5 பாகைக்கு இறக்க ஏறக்குறைய 90 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். கட்டி சின்னதோ பெரியதோ, இந்தக் கணக்கு மாறாது. பெரிய கட்டி மெதுவாகக் குளிர்விக்கும், அவ்வளவுதான். சூடான டிகாக்‌ஷனை நேரே ஐஸ் மேல் ஊற்றினால் பாதி டம்ளர் தண்ணீர் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. அதே காபியை 25 பாகைக்கு ஆறவிட்டு ஊற்றினால் 24 கிராம் ஐஸே போதும்.

நொறுக்கிய ஐஸின் உண்மையான குறை அதன் ஈரம். ஒவ்வொரு துணுக்கின் மேலும் ஏற்கெனவே உருகிய நீர் ஒட்டியிருக்கிறது. அது குளிர்ச்சி தராமல் காபியை நீர்க்க மட்டும் செய்கிறது. ஃப்ரீசரிலிருந்து அப்போதே எடுத்த கட்டி உலர்ந்திருக்கும், கூடுதலாகவும் குளிர்விக்கும். ஆனால் பால், சர்க்கரை, இன்ஸ்டன்ட் காபித்தூள் சேர்த்து மிக்ஸியில் அடிக்கும் கோல்டு காபிக்கு நொறுக்கிய ஐஸே பொருத்தம். நொடியில் குளிர்கிறது, நுரையும் நிற்கிறது. அங்கே பெரிய கட்டியால் பிளேடுக்குத்தான் கேடு. டிகாக்‌ஷனையே தட்டில் ஊற்றி உறையவைத்துப் போடுவது வீட்டுக்கு நல்ல வழி. கடைக்காரருக்கு அது கட்டுப்படியாகாது.

என்னைக் கவலைப்படுத்துவது ஐஸின் வடிவம் அல்ல, அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பதுதான். பார் ஐஸை, உப்புக் கரைசல் தொட்டியில் தகர அச்சுகளை இறக்கி உறையவைக்கிறார்கள். வெளிப்புறம் முதலில் உறைவதால் உப்புகளும் காற்றும் நடுவே ஒதுங்குகின்றன. பாரின் நடுவில் தெரியும் பால் வெள்ளைத் தண்டு அதுதான். நொறுக்கும்போது அதுவும் டம்ளருக்கு வருகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி; அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. போர்வெல் நீரை உறையவைத்தால் அதிலுள்ள ஃபுளோரைடு எங்கும் போய்விடாது. கிருமிகளும் உறைவதால் மட்டும் செத்துவிடுவதில்லை.

உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்து, 2018 ஜூன் முதல் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். ஆனால் நிறம் கலக்காமல் விற்றால், நொறுக்கிய பிறகு எது எந்த ஐஸ் என்று கண்ணால் சொல்ல முடியாது.

ஆகவே கடைக்காரர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு: டிகாக்‌ஷனை ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள், குடிநீரில் செய்த ஐஸையே வாங்குங்கள். குடிக்கிறவர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணே, இது எந்தத் தண்ணி ஐஸ்?"